தலையில் அடிபட்டவரின் கோபமும் மறதியும்: மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தார். முன்மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள், ஆபரேஷன் செய்யவில்லை. வலிப்பு வந்ததில்லை, ஆனாலும் லெவெடிரசெட்டம் மாத்திரை தொடர்கிறது. நன்றாக நடக்கிறார். ஆனால் சொன்னது மறந்துபோகிறது, சின்ன விஷயத்துக்கும் தட்டைத் தூக்கி எறிகிறார், மதியம் முழுக்கத் தூங்குகிறார், வாசனையே தெரிவதில்லை. கடைக்குப் போகணும், பைக் சாவியைக் கொடு என்கிறார். பழையபடி ஆவாரா?

பதில்: முதலில் அந்த மாத்திரையைப் பார்க்க வேண்டும். லெவெடிரசெட்டம் வலிப்பை நன்றாகவே தடுக்கும். ஆனால் சிலருக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பிவிடும். அடிபட்ட பின் வலிப்பே வராதவர்களுக்குப் பெரும்பாலும் முதல் 7 நாட்களுக்குத்தான் வலிப்பு மாத்திரை தேவை. டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடர்வதும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம்.

மீதிக் கோபம் காயத்திலிருந்து வருவது. முன்மூளைதான் நமக்குக் கடிவாளம், அது தளர்ந்திருக்கிறது. ஒரு வாரம் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. டிவி ஓடும்போது இரண்டு பேர் சேர்ந்து பேசியது, பசி, களைப்பு என்று இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வரும். கோபம் ஏறும்போது வாதம் வேண்டாம். பத்து நிமிடம் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடங்கிய பிறகு “ஏன் அப்படிச் செய்தீர்கள்” என்று கிளறவும் வேண்டாம்.

மறதிக்குப் பயிற்சி என்று நினைத்து “காலையில் என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று சோதிப்பார்கள். அவமானம்தான் மிஞ்சும், தவறாகச் சொன்ன பதிலே மனதில் பதிந்தும்விடும். சரியான பதிலை நீங்கள் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். ஒரே ஒரு நோட்டு, எப்போதும் ஒரே இடத்தில். அன்றைய வேலைகளை அவர் கையாலேயே எழுதி, முடித்ததும் டிக் அடிக்கட்டும். நீங்கள் எழுதி வைத்தால் நோட்டு இருப்பதே அவருக்கு நினைவிருக்காது.

பகல் தூக்கம் சோம்பல் இல்லை. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். 3 மணிக்கு முன் அரை மணி நேரம் தூங்கட்டும், அலாரம் வையுங்கள். அப்படியும் சோர்வு தீராவிட்டால் ரத்தத்தில் சோடியம், தைராய்டு, காலை 8 மணி கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரான் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களை இயக்குவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. தலைக்காயத்தில் அதுவும் பாதிக்கப்படலாம். பலருக்கும் இந்தப் பரிசோதனை விட்டுப்போகிறது.

மூக்கின் மேலே சல்லடை போன்ற எலும்பைத் தாண்டி வரும் வாசனை நரம்பிழைகள் அறுந்திருக்கலாம். மீளுமா என்று இப்போதே சொல்ல முடியாது. அதுவரை கேஸ் கசிந்தாலும், சாம்பார் ஊசிப்போனாலும் அவருக்குத் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடுவது உங்கள் பொறுப்பு.

கடைக்குப் போகட்டும், நல்லதுதான். காலையில் இரண்டு மணி நேரம், ஒரே வேலை, கூட யாராவது. கல்லாப்பெட்டி இப்போது வேண்டாம். பைக்கும் வேண்டாம்: கவனம், பார்வை, எதிர்வினை வேகம் மூன்றையும் சோதித்து மருத்துவர் சொல்லும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். மது துளியும் கூடாது.

பழையபடி ஆவாரா? முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, இரண்டு வருடம் வரையும் அதற்கு மேலும் தொடரும். நடை முதலில் வரும், பொறுமை கடைசியில்தான் வரும். முழுக்க வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, நன்றாக நடந்தவர் காலைத் தேய்த்து நடந்தாலோ, அறியாமல் சிறுநீர் போனாலோ, மூளையில் நீர் கோத்திருக்கலாம் அல்லது ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம். அன்றே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். மறுநாள் ஓபி வரை காத்திருக்காதீர்கள்.