கடலூர் முன்சீப் கோர்ட்டிலிருந்து சிவில் வழக்கில் சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பலாமா?

தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். சம்மன், அதாவது அழைப்பாணை, குறித்த தேதியில் வந்து பதில் சொல்லும்படி கோர்ட் கூப்பிடுவது, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு போகச் சொல்வது வாரண்ட், இரண்டும் வேறு.

மறுத்தால் அமீனா, அதாவது சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர், உங்கள் வீட்டுக் கதவில் நகலை ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயர் உட்பட எழுதிக் கோர்ட்டில் கொடுத்துவிடுவார். கோர்ட் அதையே சம்மன் சார்வானதாக, அதாவது உங்களிடம் முறைப்படி சேர்ந்ததாக, ஏற்கலாம். நீங்கள் வெளியூரில் இருந்தால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தார், ஆணோ பெண்ணோ, வாங்கினாலும் செல்லும். வேலையாள் வாங்கினால் செல்லாது.

கையெழுத்தின் பக்கத்திலேயே தேதி போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடுகிறது. கோர்ட் காரணத்தைப் பதிவு செய்து நீட்டித்தால் 90 நாள் வரை. முத்திரை, வழக்கு எண், வாய்தா தேதி, பிராது (வழக்குப் போட்டவரின் மனு) நகல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, அப்படியே வக்கீலிடம் கொண்டுபோங்கள்.

போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலேயே, தீர்ப்பாகிவிடலாம். அதை ரத்து செய்ய மனுப்போட, தீர்ப்பாணையிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவே இல்லை என்றால் மட்டும், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.