ஸ்பானிஷ் எளிய மொழி என்பதாலா பரவியது?

கேள்வி: ஸ்பானிஷ் இன்று 20 நாடுகளில் ஆட்சிமொழி. கற்க எளிது, காதுக்கு இனிது, அதனால்தான் இப்படிப் பரவியது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். கத்திமுனையில் திணித்தார்கள் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: நண்பருக்குப் பூஜ்யம். உங்களுக்குப் பாதி மதிப்பெண்.

ஸ்பானிஷை எழுதியபடியே படிக்கலாம், அந்த மட்டுக்கும் எளிதுதான். வினைச்சொல்லுக்கு வந்தால் தெரியும் சங்கதி. 'பேசு' என்கிற ஒரே வினை, காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப ஏறக்குறைய ஐம்பது வேஷம் போடும். காதுக்கு இனிது என்றால் இத்தாலிய மொழிக்கு என்ன குறைச்சல்? அது ஏன் 20 நாடுகளுக்குப் போகவில்லை?

சரி, உங்கள் கத்திக்கு வருவோம். கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492இல், நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிஷ் இலக்கணம் எழுதி அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். பேரரசுக்கு மொழி எப்போதும் துணை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். இதைப் படித்தால் உங்கள் கட்சி ஜெயித்த மாதிரிதான் தெரியும். ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் இறங்கியபின் நடந்தது வேறு.

அங்கே போன பாதிரிமார்கள் ஸ்பானிஷ் வகுப்பு நடத்தவில்லை. தாங்கள் உட்கார்ந்து மெக்சிகோவின் நாவட்டலையும் பெருவின் கெச்சுவாவையும் கற்றுக்கொண்டார்கள். ஞானோபதேசத்துக்கு, அதாவது கிறிஸ்தவ மதபோதனைக்கு, அதுதான் குறுக்குவழி. 1570இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பே, மெக்சிகோப் பழங்குடிகளுக்கான மொழியாக நாவட்டலை அறிவித்தார். தென்னமெரிக்காவில் அச்சான முதல் நூல் 1584இல் பெருவின் லிமாவில் வந்த ஞானோபதேச நூல். அதில் ஸ்பானிஷோடு கெச்சுவாவும், அய்மரா என்ற இன்னொரு பழங்குடி மொழியும் உண்டு. ஆறு ஆண்டு முன்னால், 1578இல், கொல்லத்தில் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர்களும் சேசு சபைப் பாதிரிமார்கள்தான். போன இடத்து மொழியைப் பிடித்துக்கொள்வது அவர்கள் பாணி.

கத்தியைவிட அதிகம் கொன்றது பெரியம்மை. 1520இல், மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகருக்குள் நுழைந்த அந்த நோயும் பின்னால் வந்த கொள்ளைநோய்களும் ஊர் ஊராகத் துடைத்தெடுத்தன. பேச ஆளில்லாமல் போன மொழிகள் எத்தனையோ.

அதிகாரபூர்வமான திணிப்பு வந்தது மிகவும் தாமதமாக. பழங்குடி மொழிகள் ஒழிந்து ஸ்பானிஷ் மட்டுமே புழங்க வேண்டும் என்று ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஆணையிட்டது 1770இல். 1781இல் கலகத் தலைவன் இரண்டாம் துபாக் அமாருவைப் பெருவின் கூஸ்கோ நகரச் சதுக்கத்தில் கொன்றார்கள். கையோடு, ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் உடை, நாடகம், நினைவு எல்லாவற்றுக்கும் தடை போட்டு, எல்லோரும் ஸ்பானிஷ் கற்கவேண்டும் என்றார்கள். இவ்வளவும் செய்தும், 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல!

அப்புறம் யார்தான் பரப்பியது? விடுதலை வாங்கியவர்கள்தான். ஸ்பெயின் மூட்டை கட்டியபின் வந்த குடியரசுகளுக்கு 'ஒரே நாடு, ஒரே மொழி' ஆசை பிடித்தது. ஆள்பவர்கள் ஸ்பானிஷ் பேசிய வெள்ளை, கலப்பினத்தார். பள்ளிக்கூடம், பட்டாளம், கோர்ட்டு, பத்திரப்பதிவு எல்லாம் அதிலேயே நடந்தன. வீட்டு மொழியில் வாய் திறந்த பிள்ளை வாத்தியாரிடம் அடி வாங்கியது. அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து தாயானதும், தன் குழந்தைக்காவது அந்த அவமானம் வேண்டாம் என்று வீட்டிலும் ஸ்பானிஷே பேசினாள். 2020 கணக்குப்படி மெக்சிகோவில் பழங்குடி மொழி பேசுவோர் நூற்றுக்கு ஆறு பேர். முந்நூறு ஆண்டு சாம்ராஜ்யத்தால் முடியாததை இருநூறு ஆண்டுக் குடியரசு முடித்துவிட்டது.

நம்பிக்கை இல்லையென்றால் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1565 முதல் 1898 வரை, முழுசாக 333 ஆண்டு ஸ்பெயினின் ஆட்சி. ஆனால் குடியேறிய ஸ்பானியர்கள் கொஞ்சம் பேர், அவர்களிலும் பலர் மணிலா கோட்டைக்குள் அடக்கம். ஊர்களில் இருந்த பாதிரிகள் தகாலோக் போன்ற உள்ளூர் மொழிகளில் பேசினார்கள். ஸ்பானிஷ் படித்த மேல்தட்டோடு நின்றது. ஸ்பெயினிடமிருந்து நாட்டைப் பிடித்த அமெரிக்கா, 1901இல் ஒரு கப்பலில் ஐந்நூறு வாத்தியார்களைக் கொண்டுவந்து இறக்கி ஊரெங்கும் பள்ளி திறந்தது. சில பத்தாண்டுகளில் ஆங்கிலம் வேர்விட்டுவிட்டது. 1987 அரசமைப்பில் ஸ்பானிஷுக்கு ஆட்சிமொழி இடமே இல்லை. மிச்சம் இருப்பது சம்போவாங்கா பக்கத்தில் பேசும் சவகானோ என்ற கலப்பு மொழியும், தகாலோக்கில் ஒட்டிக்கொண்ட ஏராளமான சொற்களும். மேஜைக்கு 'மேசா', ஷூவுக்கு 'சப்பாத்தோஸ்' என்பார்கள். நம் மேசையும் யாழ்ப்பாணத்துச் சப்பாத்தும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன தாயாதிகள்.

பிலிப்பைன்ஸின் தேசியத் தலைவர் ஹொசே ரிசால் 1887இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நாவலை ஸ்பானிஷில்தான் எழுதினார். இன்று அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அதை மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள். அவ்வளவு எளிதான, இனிமையான மொழி 333 ஆண்டு வாசலிலேயே காத்திருந்தும் ஏன் உள்ளே வரவில்லை என்று உங்கள் நண்பரைக் கேட்டு எழுதுங்கள்.