காற்றும் கெடக் கூடாது, தொழிலும் படுத்துவிடக் கூடாது என்றால் அரசாங்கம் என்ன செய்யலாம்?

கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், காய்கறி ஏற்றும் லோரி கம்பெனி ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். எண்ணெய்க் கணக்கு எழுதுவதுதான் பாதி வேலை. அதனால் டீசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. கஜானாவைக் காப்பாற்றவும் கடத்தலைத் தடுக்கவும் மானியத்தை எடுத்தார்கள். காற்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சாமான் விலை ஏறிவிடுமே என்று, தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு மட்டும் ஃபிளீட் கார்டு கொடுத்துப் பழைய விலையிலேயே ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

எங்கள் தவுக்கேயின், அதாவது முதலாளியின், சொந்த பிக்கப்புக்குக் கார்டு இல்லை. அதுவரை வாசலில் எஞ்சினை அணைக்காமல், ஏர்கோன் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஃபோன் பேசுவார். மறுவாரமே கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினார். அதே யார்டில் கார்டு உள்ள லோரிகள், விடியற்காலை 3 மணிக்கு, கேமரன் மலை முட்டைகோஸ் இறங்கி முடியும்வரை உறுமிக்கொண்டே நிற்கும். கேட்டால், "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்னவோண்ணே" என்பார் டிரைவர்.

லோரிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அதற்கு முந்தின நாள் ஃபோர்மன் (மெக்கானிக்) வந்து எஞ்சினுக்கு டீசல் விடும் பம்பில் எண்ணெயைக் குறைத்து வைப்பார், புகை வராது. பாஸானதும் பழையபடி திறந்துவிடுவார், இல்லையென்றால் மேட்டில் இழுக்காது. நானே கூலி எழுதியிருக்கிறேன்.

மானியத்தை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். இரண்டு லோரி வைத்திருப்பவர் ஒரே மாதத்தில் கடையை மூடிவிடுவார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லோரி மாதம் 1,500 லிட்டர் குடித்தால், அன்றைய விலையில் லிட்டருக்கு 1.20 வீதம் 1,800 ரிங்கிட் அரசாங்கப் பணம். வருடத்துக்கு 21,600. பம்பையும் இன்ஜெக்டரையும் ஒழுங்காகப் பார்க்க இதில் ஒரு பகுதி போதும். முதல் வருடம் அந்தப் பகுதியை மட்டும் ரிப்பேருக்கென்றே கொடுக்கட்டும். அதன்பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் சாலையோரத்தில் நிறுத்திப் புகையைச் சோதிக்கட்டும். கருப்பாகக் கக்குகிற வண்டிக்குக் கார்டு கிடையாது. மானியத்தில் கூடுதலாக ஒரு காசு செலவில்லை.

"நமக்குப் புகைமூட்டம் வருவதே இந்தோனேசியாவிலிருந்துதானே" என்று யாராவது கேட்பீர்கள். பொய்யில்லை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை போட்டார்கள். ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-லேயே கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014-ல். அடுத்த வருடமே மறுபடி மாஸ்க் மாட்டினோம். அது அண்டை நாட்டோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், இழுக்கும். செலாயாங் யார்டில் நிற்கிற லோரிக்கு ஜகார்த்தாவின் கையெழுத்து எதற்கு?

தவுக்கே பிக்கப்புக்கும் கார்டு கேட்டு என்னை மனு எழுதச் சொன்னார். எழுதிப் போட்டேன். கிடைக்கவில்லை.