ஒரு முறை கொடுத்தவர்கள் ஏன் மறுபடி வருவதில்லை?

கேள்வி: போன வருடம் தலைவர் பிறந்தநாளுக்கு எங்கள் நற்பணி மன்றம் ரத்த தான முகாம் நடத்தியது. நல்ல கூட்டம். இந்த வருடம் அதே ஆட்களைக் கூப்பிட்டால் பாதிப் பேர்கூட வரவில்லை. மக்களுக்கு அக்கறை விட்டுப்போச்சா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அக்கறை எங்கேயும் போகவில்லை தம்பி. நீங்கள்தான் தாமதமாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆண்கள் 90 நாள் கழித்து, பெண்கள் 120 நாள் கழித்து மறுபடி கொடுக்கலாம். இரண்டாவது தடவை சீக்கிரமே கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து கொடுக்கிறார்கள். ஒரு வருடம் இடைவெளி விட்டால் பழக்கம் எப்படி வரும்?

இன்னொன்று, முதல் தடவை மயக்கம் வந்தவர்கள். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து, வெறும் வயிற்றோடு பந்தலுக்கு வந்து, நாலு பேர் முன்னால் சரிந்த பையன் மறுபடி வருவானா? தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஊசி போடுவதற்குக் கொஞ்சம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். கொடுத்ததும் எழுந்து ஓடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். மயங்கியவர் வீட்டுக்கு மறுநாள் யாராவது போய் விசாரித்தீர்களா? அதை அவசியம் செய்யுங்கள்.

ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை நினைத்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. ஆசையாக வந்தவரிடம் "உனக்கே ரத்தம் இல்லை, போம்மா" என்றால், அவர் அடுத்த முகாமுக்கு எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அளவு எவ்வளவு என்று தனியாகச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லி, சரியானதும் வாருங்கள் என்று அழையுங்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ சொந்தக்காரருக்காக ஒரே ஒரு தடவை கொடுத்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களையும் கேளுங்கள். பலரை அதற்குப் பிறகு யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

தானமாக வந்த ரத்தத்தின் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். பிறந்தநாளுக்குக் குவிந்த பைகள் மூன்று மாதம் கழித்து வரும் பிரசவத்துக்கு உதவாது. அதனால் இந்த முறை வந்தவர்களின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 90 நாள் முடிந்ததும் ஆண்களுக்கு, 120 முடிந்ததும் பெண்களுக்குப் போன் போடுங்கள். மேடை, பந்தல் எதுவும் வேண்டாம். நாலைந்து பேராகச் சேர்த்து ஸ்டான்லி ரத்த வங்கிக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.