இரண்டு மேஜரும் ஒரு சங்கிலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த இலையுதிர்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர இருக்கிறேன். கணிதம், பொருளியல் இரண்டையும் மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்க ஆசை. பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாட அலகு) தேவை. கணிதத்துக்கு 42, பொருளியலுக்கு 36, பொதுப்பாடங்களுக்கு 38 என்று கூட்டினால் 116தான் வருகிறது; நான்கு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பொதுப்பாடத் தண்டத்தை முதலில் கழித்துவிட்டு, கால்குலஸை இரண்டாம் செமஸ்டரில் தொடங்கலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். புள்ளியியல் பாடத்தை ஒருமுறை எடுத்தால் இரண்டு மேஜருக்கும் கணக்கு என்றும் சொல்கிறார்கள். இரட்டை மேஜருக்கு வேலைச்சந்தையில் மதிப்பு உண்டா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் ஒரு பழைய கோப்பைத் தேடும்போது, என் மாணவப் பருவத்தில் பென்சிலால் கட்டம் போட்டு எழுதிய செமஸ்டர் திட்டம் கையில் கிடைத்தது. அதில் ஒரு கட்டம் மட்டும் அழித்து அழித்து எழுதப்பட்டு, காகிதமே நைந்துபோயிருந்தது. அந்தக் கட்டத்தில் இருந்ததும் புள்ளியியல்தான். இல்லையென்றால் இக்கடிதத்துக்கு இத்தனை விரைவாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

வேலைச்சந்தை பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அதற்கு விடை சொல்பவர்கள் ஏராளம். இரட்டை மேஜரும் இரட்டைப் பட்டமும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: முன்னதில் கிடைப்பது ஒரே பட்டம், பின்னதற்குப் பல இடங்களில் 150 கிரெடிட் வரை கேட்பார்கள்.

உங்கள் கூட்டல் சரி; முடிவுதான் தவறு. கிரெடிட்டைக் கூட்டுவது சாக்கில் எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்ப்பதைப் போன்றது. மேஜர் என்பது சாக்கு அல்ல, சங்கிலி. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் இன்னொரு பாடம் நிற்கிறது. அதை முடிக்காமல் அடுத்ததில் பதிவு செய்யக் கணினியே விடாது. பெரும்பாலான கணிதத் துறைகளில் மூன்று கால்குலஸ், பிறகு கணித நிறுவல் (proof) எழுதப் பழக்கும் பாடம், பிறகு மெய்ப்பகுப்பாய்வு (real analysis) இரண்டு பகுதிகள் என்று வரிசை போகும். நீங்கள் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸைத் தொடங்கினால் நான்காவதில் நிறுவல், ஐந்தாவதில் பகுப்பாய்வின் முதல் பகுதி, ஆறாவதில் இரண்டாம் பகுதி. இரண்டு செமஸ்டர் மிச்சம் இருக்கும். சீனியர்கள் சொன்னபடி இரண்டாம் செமஸ்டரில் தொடங்கினால் நிறுவல் ஐந்தாவதுக்குத் தள்ளிப்போகிறது. ஒரே ஒரு செமஸ்டர் தாமதம்தானே என்பீர்கள். ஆனால் பகுப்பாய்வின் முதல் பகுதியை இலையுதிர்காலத்தில் மட்டுமே நடத்தும் துறைகள் உண்டு. உங்கள் துறையும் அப்படியென்றால், ஆறாவது செமஸ்டர் வசந்தகாலத்தில் வருவதால் அப்பாடம் அப்போது இருக்காது. ஏழாவதுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் பகுதி எட்டாவதில்தான் முடியும். ஒரு செமஸ்டர் சறுக்கல் இரண்டு செமஸ்டராகிவிட்டது. நடுவில் ஒரு பாடத்தில் தவறினால் ஐந்தாம் ஆண்டு. அந்தக் கடைசி செமஸ்டரிலேயே இரண்டு துறைகளின் இறுதியாண்டுக் கருத்தரங்கும் ஆய்வேடும் வந்து குவிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணிநேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணிநேர உழைப்பு என்பது அங்குள்ள பொதுக்கணக்கு. 15 கிரெடிட் என்றாலே வாரத்துக்கு 45 மணிநேரம். 18 எடுத்தால் 54.

ஆகவே முதல் செமஸ்டரிலிருந்து முன்னோக்கித் திட்டமிடாதீர்கள். இரண்டு மேஜர்களின் கடைசிப் பாடத்தையும் எட்டாவது கட்டத்தில் எழுதி, அதற்கு முன் எது, அதற்கும் முன் எது, எது எந்தப் பருவத்தில் நடக்கிறது என்று பின்னோக்கி வாருங்கள். பொதுப்பாடங்களை மிஞ்சிய இடுக்குகளில் செருகிக்கொள்ளலாம்; அவற்றுக்கு அவசரமில்லை.

அவற்றைத் தண்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல் எனக்கு உவப்பானதல்ல. ஹார்வர்டில் 1869இல் தலைவராக வந்த சார்லஸ் எலியட் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாணவர் விருப்பத்துக்கு விட்டார். பலர் எளிய பாடங்களாகப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டம் வாங்கிப் போனார்கள். 1909இல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று இரண்டையும் கட்டாயமாக்கினார். உங்கள் தேவைப்பட்டியலில் மேஜர் ஒரு பக்கமும் பொதுப்பாடம் மறுபக்கமும் நிற்பது அந்தப் பழைய சண்டையின் சமாதான ஒப்பந்தம். இரண்டு துறைகளை விட மனமில்லாத உங்களைப் போன்றவர் பரவலைத் தண்டம் என்பது வேடிக்கைதான்.

இனி புள்ளியியல். உங்கள் சிறிய கடிதத்தில் 'சொல்கிறார்கள்' இரண்டு முறை வருகிறது. 'படித்தேன்' ஒருமுறைகூட இல்லை. நானும் இப்படித்தான் இருந்தேன். இரண்டு மேஜரோடு படித்த நான், கணிதத் துறையின் புள்ளியியல் பொருளியலுக்கும் செல்லுமா என்று ஆலோசனை அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் திரையைக்கூடப் பார்க்காமல், "செல்லும், கவலைப்படாதீர்கள்" என்றார். நானும் கவலைப்படவில்லை. ஏழாவது செமஸ்டரில், பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் தணிக்கை அறிக்கையை எடுத்தபோது பொருளியல் பகுதியில் ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. இரண்டு மேஜருக்கும் சேர்த்துக் கணக்கிடக்கூடிய பாடங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. நான் அதை ஒரு பாடத்தால் தாண்டியிருந்தேன். பாடங்களும் பட்ட விதிகளும் அடங்கிய பல்கலைக்கழகக் கேட்டலாகைத் திறந்து பார்த்தால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அது தெளிவாக அச்சாகியிருக்கிறது. அலுவலரிடம் போய்ச் சொன்னேன். தாம் அப்படிச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. எட்டாவது செமஸ்டரில் இடம் இல்லை, ஒன்பதாவதுக்குப் பணம் இல்லை. என் மதிப்பெண் பட்டியலில் மேஜர் என்ற இடத்தில் இன்றும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

அவர்மீது எனக்குப் பெரிய கோபமும் இல்லை. ஒரு நாளில் எத்தனையோ மாணவர்களுக்குப் பதில் சொன்னவர். வாசிப்பவன் என்று பீற்றிக்கொண்ட நான், என் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் நாற்பது பக்கத்தை வாசிக்காமல் இருந்தேன் என்பதுதான் இன்றும் கூச வைக்கிறது. கதைப் புத்தகத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் எனக்குக் கடிதம் எழுதும் நீங்கள், அடிக்குறிப்பை விட்டுவிடுவீர்களா?

நீங்கள் சேரும் ஆண்டின் கேட்டலாகைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அந்த ஆண்டின் விதிகள்தான் உங்களுக்குப் பொருந்தும். சீனியர்களின் விதிகள் வேறாக இருக்கலாம். கால்குலஸை முதல் செமஸ்டரிலேயே எடுங்கள். புள்ளியியல் பற்றி இரண்டு துறைகளுக்கும் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் போய்க் கேட்க வேண்டாம். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆவலாக இருக்கிறது.