டிஜிட்டல் வரி, தரவுச் சட்டம், சுங்கம்: நாடுகளுக்கிடையே இவை தனித்தனி விஷயங்களா?

உள்நாட்டில் தனித்தனிதான். வரி ஒரு அமைச்சகம், தரவுச் சட்டம் இன்னொன்று. வேறொரு நாட்டோடு பேச உட்கார்ந்தால் எல்லாம் ஒரே பேரமாகிவிடும். ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் 2021-இல் எனக்கு இது நன்றாகவே உறைத்தது.

2020-இல் வெளிநாட்டு இணைய வணிக நிறுவனங்கள் மீது இந்தியா 2% 'ஈக்வலைசேஷன் லெவி' என்ற டிஜிட்டல் வரி போட்டது. அது தன் நிறுவனங்களுக்குக் காட்டும் பாரபட்சம் என்றது அமெரிக்கா. பதிலடிச் சுங்கத்துக்காக 2021 மார்ச்சில் ஒரு உத்தேசப் பட்டியல் வெளியிட்டது. அதில் இருந்தவை இறால், பாசுமதி அரிசி, தங்க நகை! அமேசான் கட்டும் வரிக்கு இறால் பண்ணைக்காரர் ஏன் அடி வாங்க வேண்டும்? காரணம் எளிது: அமெரிக்காவுக்கு நாம் கப்பலில் அனுப்பும் சரக்கின் மீதுதான் சுங்கம் போட முடியும். ஜூனில் 25% என்று அறிவித்த கையோடு நிறுத்தியும் வைத்தார்கள், நவம்பரில் சமரசம். அந்த 2% லெவியை இந்தியா 2024 ஆகஸ்டில் கைவிட்டது. இணைய விளம்பரங்கள் மீதான 6% லெவியும் 2025 ஏப்ரலில் போனது.

கனடா கதை இன்னும் வேகம். 2025 ஜூன் 27 அன்று, கனடாவின் டிஜிட்டல் சேவை வரியைக் காரணம் காட்டி வர்த்தகப் பேச்சையே நிறுத்துவதாக டிரம்ப் அறிவித்தார். முதல் தவணை கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே கனடா வரியை விலக்கிக்கொண்டது.

தரவிலும் இதே இழுபறிதான். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொன்னது. நமக்கு அது வங்கி மேற்பார்வை. பிற நாடுகளின் வர்த்தகத் தடைகளைப் பட்டியலிடும் அமெரிக்க ஆண்டறிக்கையில் அது வர்த்தகத் தடை. அதே அமெரிக்கா 2023 அக்டோபரில், நாடு விட்டு நாடு தரவு தடையின்றிப் போக வேண்டும் என்று கோரும் தன் நிலைப்பாட்டை உலக வர்த்தக அமைப்பில் விலக்கிக்கொண்டது. பெரிய டெக் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த உள்நாட்டில் சட்டம் போட இடம் வேண்டுமாம்.

சரி, சுங்கம். மின்னணுப் பரிமாற்றங்களுக்கு, அதாவது இணையம் வழியே வரும் மென்பொருள், படம், பாட்டு போன்றவற்றுக்கு, சுங்கம் விதிப்பதில்லை என்ற உலக வர்த்தக அமைப்பின் ஏற்பாடு 1998 முதல் நீட்டிக்கப்பட்டு வந்தது. வருவாய் போகிறது என்று இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா அதை எதிர்த்தன. 2024-இல் அபுதாபியில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டிலும் கடைசியில் நீட்டிப்புதான். இந்தியாவின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மற்றவர்களும் அதே சுங்கத்தைப் போட ஆரம்பித்தால் நம் மென்பொருள் ஏற்றுமதிக்கும் அடி விழுமே, அதை யார் கணக்கில் எழுதுவது?