பத்திரிகைக்கு நிர்வாக மேலாளர்: நேர்காணலில் என்ன கேட்பது?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எட்டு ஆண்டுகளாக ஒரு மாத இதழ் நடத்துகிறேன். 64 பக்கம், 3,000 பிரதி, அச்சு சிவகாசியில். கட்டுரை, விளம்பரம், சந்தா, பார்சல் எல்லாவற்றையும் நானே பார்ப்பதால் இதழ் 12ஆம் தேதிக்குத்தான் வாசகர் கைக்குப் போகிறது. நிர்வாகத்துக்கு ஒரு மேலாளர் எடுக்கலாம் என்று விளம்பரம் கொடுத்தேன். மூன்று பேர் தேறியிருக்கிறார்கள்: அச்சக மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எம்.பி.ஏ. முடித்து கொரியர் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர், ஒரு நாளிதழின் விற்பனைப் பிரிவில் பத்தாண்டு இருந்த பெண்மணி. மூவருமே நன்றாகப் பேசினார்கள். யாரை எடுப்பது?

பதில்: மூவருமே நன்றாகப் பேசினார்கள் என்கிறீர்களே, எனக்குக் கவலை தருவதே அதுதான். நாமெல்லாம் பேச்சுக்கு மயங்குகிற ஆட்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒருவரை எடுத்தேன். சிற்றிதழ்களைப் பற்றி ஒரு மணி நேரம் அருமையாகப் பேசினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஏஜென்ட் பாக்கி நோட்டை அவர் ஒருமுறைகூடத் திறந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் கேட்டது அப்படி.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒன்றை முடிவுசெய்ய வேண்டும். 20ஆம் தேதி பக்கம் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 22ஆம் தேதி உங்கள் நண்பர் ஒரு கட்டுரை அனுப்புகிறார், உங்களுக்கும் பிடித்துவிடுகிறது. ‘இது அடுத்த மாதம்தான் சார்’ என்று சொல்லும் அதிகாரம் மேலாளருக்கு உண்டா? இல்லை என்றால் உங்களுக்குத் தேவை ஓர் உதவியாளர்தான், சம்பளமும் அதற்கேற்பப் போதும். இதழ் 12ஆம் தேதி போவதற்கு அச்சகமும் தபாலும் மட்டும் காரணமாக இருக்காது, ஆசிரியர் மேஜையிலும் நாலு நாள் போயிருக்கும் என்பது என் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அதிகாரத்தைக் கொடுக்கத் தயார் என்றால் மூவரையும் மறுபடி கூப்பிடுங்கள், இந்த முறை ஆளுக்கு இரண்டு மணி நேரம். உங்கள் கடைசி இதழையும் ஒரு வெள்ளைத்தாளையும் கையில் கொடுத்து, ‘இதற்கு எவ்வளவு பேப்பர் வாங்க வேண்டும்?’ என்று கேளுங்கள். 20க்கு 30 அங்குலத் தாளில் இரு பக்கமும் ஓட்டினால் 16 பக்கம், அதுதான் ஒரு பாரம். 64 பக்கத்துக்கு நாலு தாள், 3,000 பிரதிக்கு 12,000 தாள், ரீமுக்கு 500 தாள் வீதம் 24 ரீம். கணக்கு தெரிந்தவர் இதோடு நிறுத்துவார். தொழில் தெரிந்தவர் ‘வேஸ்டேஜ் எவ்வளவு விடுவீர்கள், ராப்பர் (மேலட்டை) தனிப் பேப்பரா?’ என்று திருப்பிக் கேட்பார். அப்புறம், ‘பேப்பரை 60 ஜிஎஸ்எம்மிலிருந்து 70க்கு மாற்றலாமா?’ என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில். 60இல் உங்கள் இதழ் ஓரம் வெட்டியபின் 100 கிராமுக்குச் சற்றுக் கீழே நிற்கும். 70க்குப் போனால் தாண்டிவிடும். தபால் கட்டணம் எடையைப் பார்த்துப் படிப்படியாக ஏறுவது. பேப்பர் விலையோடு தபால் செலவையும் யோசிக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். இளைஞருக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம், பரவாயில்லை. தெரியாது என்று சொல்கிறாரா, சமாளிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது தீபாவளி இதழ். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து ஆண்டுக் கடைசி வரை அங்கே மெஷின் கிடைப்பதே பெரும்பாடு. ‘பக்கமும் கூடுகிறது, பிரதியும் கூடுகிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘அச்சகத்தில் பேசிப் பார்க்கலாம்’ என்பது பதிலே இல்லை. ஆடியிலேயே தேதி பிடித்து முன்பணம் கட்டுவது, கோலம், சமையல், தொடர்கதை மாதிரி முன்கூட்டியே தயாராகும் பக்கங்களை ஒரு பாரத்தில் சேர்த்து முதலில் ஓட்டிவிடுவது என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். அச்சக மேற்பார்வையாளர் இதில் ஜெயித்துவிடுவார், அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவராயிற்றே.

ஆனால் பத்திரிகை உயிரோடு இருப்பது வசூலில். பத்து ஏஜென்ட்களின் கணக்கைப் பெயரை மறைத்து எடுத்து வையுங்கள். ஒருவர் 300 பிரதி எடுக்கிறார், ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. இன்னொருவர் 20 பிரதிதான், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ‘இந்த மாதம் யாருக்குக் கட்டு அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். பாக்கிக்காரருக்கு உடனே நிறுத்துவேன் என்பவர் விற்பனையை இழப்பார், பாவம் என்று அனுப்புகிறவர் பணத்தை இழப்பார். எனக்குப் பிடித்த பதில்: முதலில் விற்காமல் திரும்பும் பிரதி, அதாவது ரிட்டர்ன், எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பேன், நேரில் போவேன், பாதிப் பாக்கியாவது வாங்கிக்கொண்டு பிரதியைக் குறைத்து அனுப்புவேன்.

எடுத்த எடுப்பில் ‘ஆயுள் சந்தா திட்டம் ஆரம்பிக்கலாம்’ என்கிறவரிடம் எச்சரிக்கை. பணம் இந்த மாதமே செலவாகிவிடும், தபால் தலை காலமெல்லாம் நாம் ஒட்ட வேண்டும்.

சட்ட விஷயங்களில் ஓரிரண்டு கேள்வி போதும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அச்சு விளம்பரத்துக்கு 5 சதவீதம், இதழின் யூடியூப் சேனலில் போடும் விளம்பரத்துக்கு 18. ஒரே கடைக்காரர் இரண்டும் கேட்டால் பில் எப்படிப் போடுவீர்கள் என்று கேளுங்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை, தெரியாததற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும்போது அவருடைய முதலாளியோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பெண்மணி பார்த்த பகுதியில் இரண்டு கடைக்காரர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ‘அந்த அம்மா வந்தால் காசை எடுத்து வைத்துவிடுவோம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள் என்றால், வேறு சான்றிதழ் எதற்கு?

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் சாய்வு அவர் பக்கம்தான். அச்சு நுட்பத்தை வெளியே விலைக்கு வாங்கலாம். ஓய்வு பெற்றவரையே மாதம் நாலு நாள், பக்கம் அச்சுக்குப் போகிற வாரத்தில், ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். வசூலுக்குப் போகும் காலும் வாயும் அப்படிக் கிடைக்காது. ஆனால் பெரிய நாளிதழில் அவருக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது. உங்கள் இதழின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டும்போதும் அதே தைரியம் வருமா என்று தெரிய வேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மூன்று பழைய பாக்கியும் இரண்டு புது விளம்பரமும் அவர் பொறுப்பு.

சம்பளம் பேசும்போது, பிடித்துக் கொடுத்த விளம்பரத்துக்கு ஊக்கத்தொகை வைக்காதீர்கள், கைக்கு வந்த பணத்துக்கு வையுங்கள். ஆடித் தள்ளுபடிக்குப் போட்ட முழுப்பக்க விளம்பரத்தின் பணம் பொங்கலுக்கு வந்த கதையெல்லாம் உங்களுக்கும் இருக்குமே. தகுதிகாண் காலத்தை மாதக் கணக்கில் சொல்லாமல் மூன்று இதழ் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் இதழ் 10ஆம் தேதி, இரண்டாவது 7, மூன்றாவது 5 என்று தேதியும் அதிலேயே இருக்கட்டும். இன்னொன்று, சந்தாதாரர் முகவரிப் பட்டியலின் ஒரு பிரதியை மாதாமாதம் உங்கள் கணினியிலும் ஏற்றி வையுங்கள். யார் வந்தாலும்.